இந்தச் சந்தில் யாரும் வசிப்பதில்லை

தொலேடோ, குடச் சந்து
மார்ச் 5

சிவப்புக் குடை கைடு அவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. இந்தக் கடிதம் கூடையில் இறங்கி உங்கள் மூக்குக்கு நேரே வந்து தொங்கும்போது திகைக்க வேண்டாம். நான் முழங்கால் வலிக்காரி. உங்களைத் திட்டுவதற்காக மூன்று மாடி இறங்கி ஏற என்னால் ஆகாது.

தினமும் பதினோரு மணிக்கு ஒரு பட்டாளத்தைக் கூட்டிவந்து என் பால்கனிக்குக் கீழே நிறுத்துகிறீர்கள். குடம் வனைந்தவர்கள் கதை சொல்கிறீர்கள். கிணற்றில் குதித்த மணப்பெண் கதை சொல்கிறீர்கள். இந்தச் சந்தில் என்றைக்குமே கிணறு இருந்ததில்லை, அது போகட்டும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இப்ப இந்தச் சந்துல யாருமே குடியில்லைங்க" என்கிறீர்கள். உடனே எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள்.

அப்படியானால் நான் யார்? உங்கள் தலைக்கு மேலே கம்பியில் காய்வது யாருடைய உள்பாவாடை? பேய்க்கு எதற்கு உள்பாவாடை?

என் பெயர் காசில்டா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறேன். என் கணவர் ஃபெர்மின் பேருந்து ஓட்டினார், இந்த வீட்டில்தான் செத்தார். மேல்வீட்டு ரெமெடியோஸ் லிஃப்ட் வைத்த வீடு தேடிப் புது நகருக்குப் போய்விட்டாள். எதிர்வீடு, கீழ்வீடு எல்லாம் இப்போது இரண்டு ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்கு. கதவுக்குப் பக்கத்தில் எண் அழுத்தினால் சாவி தரும் பெட்டி. எலாடியோவின் ரொட்டிக் கடை, பயணப்பெட்டியும் பையும் விற்கும் கடையாகிவிட்டது. ஒரு ரொட்டி வேண்டுமென்றால் மலையடியில் பிசாக்ரா கோட்டை வாசல் வரை இறங்கி, திரும்ப அந்த ஏற்றம் முழுக்க ஏற வேண்டும். அப்படியும் நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். மோஸ்தொலேஸில் என் தங்கை மகள் நொயேலியா இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்து ஒரே பாட்டு: "பெரியம்மா, அந்தச் சந்துல ஒரு மனுஷரும் கிடையாது. நீங்க விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? வித்துட்டு என்கூட வந்துடுங்க." ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்வதையே மற்ற நாளெல்லாம் நீங்களும் என் சன்னலுக்கு அடியில் வந்து சொல்கிறீர்கள். நான் எத்தனை பேருடன்தான் மல்லுக்கட்டுவது?

அந்த வரியை நிறுத்துங்கள்.

காசில்டா


தொலேடோ
மார்ச் 7

மதிப்பிற்குரிய தோன்யா காசில்டா அவர்களுக்கு,

கூடை இறங்கியபோது என் குழு அதுவும் சுற்றுலாவில் சேர்ந்த ஒரு காட்சி என்று நினைத்துக் கைதட்டியது. மன்னித்துவிடுங்கள். இந்தப் பதிலைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். மணி அடித்து உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

அந்த வரி கம்பெனி எழுதிக் கொடுத்த உரையில் இருப்பது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில்தான் ஜனங்கள் மனமிரங்குகிறார்கள், பயணம் முடிந்து டிப்ஸ் வாங்கும்போது அது எனக்கு உதவும். துணி காய்வதைப் பார்த்திருக்கிறேன். தங்க வந்தவர்களுடையது என்று நினைத்தேன். கிணறு விஷயமும் உரையில் உள்ளதுதான்.

நாளையிலிருந்து அந்த வரி கிடையாது. அதற்குப் பதில் உங்கள் பெயரைச் சொல்லலாமா? அனுமதி இல்லையென்றால் சன்னல் கதவைச் சாத்தி வையுங்கள், புரிந்துகொள்வேன்.

என் பெயர் அன்செல்மோ. சோரியா பக்கத்து ஆள். மனைவியைப் பிரிந்த பிறகு இந்த ஊருக்கு வந்தேன். ஐம்பத்து நாலு வயதில் புது ஊரில் சிநேகிதம் பிடிப்பது லேசில்லை. புது நகரில் ஓர் அறையில் இருக்கிறேன். பகல் முழுக்கப் பேசுகிறவன், அறைக்குப் போனால் மறுநாள் காலைவரை வாயைத் திறக்க வேண்டிய வேலையே இருக்காது. இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பணிவுடன்,
அன்செல்மோ


குடச் சந்து
மார்ச் 16

அன்செல்மோ அவர்களுக்கு,

சன்னல் திறந்துதான் இருந்தது. கவனித்திருப்பீர்கள்.

"இந்த வீட்டுல தோன்யா காசில்டா இருக்காங்க. இந்தச் சந்தே அவங்களோடதுதான்" என்று பெயருக்கு முன்னால் 'தோன்யா' மரியாதை வைத்து நீங்கள் சொன்னதும், அந்தச் சமோரா ஊர்ப் பென்ஷன்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைக்க வேண்டாம். தலை வாராமல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் பத்தரைக்கே தலைவாரி, தோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஃபெர்மின் போன பிறகு தோடு போட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நொயேலியா பாட்டை ஆரம்பித்தாள். "தினமும் நாப்பது பேர் என் சன்னலுக்குக் கீழ நின்னு என்னைச் சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போறாங்க, உன்னை யாருடி கேக்குறா?" என்றேன். அவள் பேச்சை மாற்றி, மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தாள்.

கிணற்றை இன்னும் விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, ஒரு பெண்ணாவது இங்கே குதித்தாள் என்று இருக்கட்டும்.

காசில்டா


தொலேடோ
ஏப்ரல் 9

அன்புள்ள தோன்யா காசில்டா,

நேற்று திங்கட்கிழமை, எனக்கு விடுமுறை. துணி துவைத்தேன், ஆற்றங்கரை வரை நடந்தேன், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மேட்டில் ஏறி உங்கள் சந்துக்கு வந்தேன். குடை இல்லை, கூட்டம் இல்லை. நீங்கள் பால்கனியில் ஜெரேனியச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

வணக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நாற்பது பேர் பின்னால் நின்றால் தானாக வருவது, தனியாக நின்றபோது எங்கோ போய்விட்டது. கதவருகே போய் மணியையும் பார்த்தேன். என்ன காரணம் சொல்லி அடிப்பது? திரும்பிப் போய்விட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் ஏதோ வழி தவறியவன் என்று நினைத்திருப்பீர்கள்.

குழுவில் இப்போது உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். போன வாரம் வந்த ஓர் அம்மாள் கதீட்ரலில் நிற்கும்போதே, "அந்த பால்கனி அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார்.

அன்செல்மோ


குடச் சந்து
மே 6

அன்செல்மோ,

அன்று பார்த்தேன். வழி தவறியவன் என்று நினைக்கவில்லை. காபி போட அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். அந்தத் தண்ணீரை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

இது வேறு விஷயம், கோபமான விஷயம். நீங்கள் ஆரம்பித்து வைத்ததை இப்போது எல்லாக் குடைகளும் பிடித்துக்கொண்டன. மஞ்சள் குடைக்காரன், நான் போருக்குப் போன காதலனுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்கிறான். எந்தப் போர் என்று அவனைக் கேளுங்கள். பச்சைக் குடைக்காரி எனக்கு நூறு வயது ஆக்கிவிட்டாள். ஒருத்தி முடிப்பதற்குள் அடுத்தவன். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை "தோன்யா காசில்டா, தோன்யா காசில்டா" என்று ஊளை. சூப்பை ஒரு கரண்டி வாயில் வைக்க முடியவில்லை. எழுந்து போய்க் கையசைக்காவிட்டால் இன்னும் சத்தமாகக் கத்துகிறார்கள். நேற்று ஒருவன் விசில் அடித்தான்.

சதுக்கத்துக் கடையில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் விற்கிறார்களாம். கீழ்வீட்டைச் சுத்தம் செய்ய வரும் ருமேனியாக்காரி இலியானா வாங்கி வந்து காட்டினாள். அதில் என் பால்கனி, நான், என் உள்பாவாடை.

முன்பு என்னைச் செத்தவளாக்கினீர்கள். இப்போது பொம்மையாக்கிவிட்டீர்கள். உங்களுக்கெல்லாம் நடுவில் எதுவுமே கிடையாதா? சத்தத்தைக் குறைக்க வழி செய்யுங்கள். குறையாவிட்டால் நொயேலியா ஜெயித்துவிடுவாள், நானே போன் பண்ணி வந்து கூட்டிப்போ என்று சொல்லிவிடுவேன்.

காசில்டா


தொலேடோ
மே 14

அன்புள்ள தோன்யா காசில்டா,

நீங்கள் சொன்னது அத்தனையும் நியாயம். கைடுகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். நான் அங்கே பேசியதே இல்லை. மஞ்சள் குடைக்காரர், "உங்க அத்தையா அது?" என்று கிண்டல் செய்தார். இருந்தாலும் ஒரு முடிவு எடுத்தார்கள். இனி எல்லாக் குழுவுக்கும் காதில் மாட்டும் கருவி. நாங்கள் மைக்கில் மெதுவாகப் பேசுவோம், அது நேராக அவர்கள் காதுக்குள் போகும். சந்தில் சத்தமே இருக்காது. கூப்பிடவும் மாட்டார்கள், நிமிர்ந்து பார்த்துக் கையை மட்டும் அசைப்பார்கள். விருப்பம் இருந்தால் நீங்கள் அசையுங்கள், இல்லாவிட்டால் சூப்பைச் சாப்பிடுங்கள்.

நற்கருணைத் திருவிழா வருகிறது. தெருவுக்கெல்லாம் பந்தல் துணி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கப்படி உங்கள் பால்கனியில் அலங்காரத்துக்குச் சால்வை தொங்கவிடுவீர்களா? உங்கள் சந்தில் மற்ற பால்கனியெல்லாம் வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காபிக்கு வைத்த தண்ணீரைப் பற்றி நிறைய யோசித்தேன்.

அன்செல்மோ


மோஸ்தொலேஸ்
ஜூன் 2

அன்செல்மோ,

முகவரியைப் பார்த்தாலே புரிந்திருக்கும். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது, இடுப்பில் அடி.

நீங்கள் அமைதி கொண்டுவந்தீர்கள். நல்ல அமைதி. ஒரு வாரம் சுகமாக இருந்தது. பிறகு ஒரு வியாழக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பின் சமையலறையில் கால் வழுக்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. போன் சாப்பாட்டு அறையில். சன்னல் திறந்துதான் இருந்தது, ஆனால் தரையில் கிடப்பவளை யார் பார்க்க முடியும்?

பயப்படவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு மணி ஆகட்டும், அன்செல்மோ வருவார் என்று கிடந்தேன். நொயேலியாவுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன். "விழுந்தா யாருக்குத் தெரியும்னு கேட்டியே, நாப்பது பேருக்குத் தெரிஞ்சுதுடி" என்று.

முதலில் வேறு குழுக்கள் வந்தன. செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். நின்றார்கள், போனார்கள். அடுத்தது வந்தது, அதுவும் போனது. பிறகு உங்கள் குழு. உங்கள் இருமல் எனக்குத் தெரியும். இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, "அன்செல்மோ" என்று கத்தினேன். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது கேட்டது. எதற்கென்று தெரியவில்லை. பிறகு செருப்புச் சத்தம் மூலை திரும்பிவிட்டது.

நாற்பது ஜோடிக் காதையும் அடைத்து வைத்தது நான்தான். நான் கேட்டேன், நீங்கள் செய்தீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். சொல்ல மனம் வரவில்லை.

நடுப்பகலுக்குமேல் கீழ்வீட்டைப் பெருக்க வந்த இலியானாவுக்குத்தான் கேட்டது. அவளிடம் கருவி இல்லை.

நொயேலியா "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நல்ல பெண், பொறுமையாகச் சாப்பாடு ஊட்டுகிறாள், வேலைக்குப் போகிறாள். ஏழாவது மாடி. சன்னலுக்குக் கீழே கார்கள் நிற்கும் இடம். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. நீங்கள் பழைய வரியைத் திரும்பச் சொல்லலாம். இப்போது அது உண்மை.

காசில்டா


தொலேடோ
ஜூன் 21

அன்புள்ள காசில்டா அம்மா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடிதம் வருவதற்கு முன்பே ஒரு திங்கட்கிழமை வந்து உங்கள் வீட்டு மணியை அடித்தேன். முதல் தடவையாக அடித்தேன். கீழ்வீட்டில் தங்கியிருந்த யாரோ எட்டிப் பார்த்து, சாவிப்பெட்டிக்கு எண் தெரியாதா என்று கேட்டார்கள்.

அந்தச் சிரிப்பு எதற்கென்று சொல்ல வேண்டியது என் கடமை. பால்கனியில் உங்களைக் காணவில்லை. மைக்கில், "தோன்யா இன்னிக்கு இன்னும் எழுந்திருக்கலை போல, நேத்து ராத்திரி டான்ஸ் ஆடப் போயிட்டாங்களோ என்னமோ" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா, உங்கள் செடித்தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை என்பதை நான் கவனித்தேன். நீங்கள் தண்ணீர் ஊற்றும் நேரம் எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் மனதில் நெருடியது. குழுவை விட்டு நகரக் கூடாது என்பது விதி, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது, அடுத்து மஞ்சள் குடை பின்னால் வந்து நின்றுவிட்டது. இவையெல்லாம் காரணம்தான். ஆனால் மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதைச் சுமந்துகொண்டுதான் இனி நான் இருந்தாக வேண்டும்.

நேற்று திருவிழா. பவனி உங்கள் சந்து வழியாக வராது என்று தெரியும், ஆனாலும் போனேன். இலியானாவிடம் உங்கள் சாவி இருக்கிறது. அவள் உங்கள் பெட்டியிலிருந்து பூப்போட்ட சால்வையை எடுத்து பால்கனியில் தொங்கவிட்டிருந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். சந்து முழுக்க அது ஒன்றுதான்.

இன்று காலை குழுவோடு வந்தேன். கருவியை எல்லோரையும் கழற்றச் சொன்னேன், இனி இந்தச் சந்தில் எப்போதும் அப்படித்தான். நீங்கள் சொன்னபடி அந்த வரியைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தேன். ஆரம்பிப்பதற்குள் ஒரு சமோராக்கார அம்மாள் சால்வையைப் பார்த்துவிட்டு, "தோன்யா காசில்டா, சௌக்கியமா?" என்று மேலே பார்த்துக் கேட்டார். மார்ச்சில் வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். "எங்க அவங்க?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா, உங்களுக்குப் பொய் பிடிக்காது. கிணற்றுக்கே அவ்வளவு திட்டினீர்கள். ஆனால் யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ரொட்டி வாங்கப் போயிருக்காங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினார்கள். போகும்போது இரண்டு மூன்று பேர் திரும்பித் திரும்பிச் சந்து முனையைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அன்செல்மோ


மோஸ்தொலேஸ்
ஜூலை 10

தம்பி அன்செல்மோ,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். இது வலது கை எழுத்து, பார்த்தால் அப்படித் தெரியாது.

அந்த நெருடலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்து ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் இல்லை. எனக்கு எழுதாமல் உள்ளேயே வைத்திருந்தால்தான் மன்னித்திருக்க மாட்டேன்.

சால்வையை மழைக்கு முன்னால் உள்ளே எடுக்கச் சொல்லுங்கள் இலியானாவிடம். அது என் கல்யாணச் சால்வை.

வீட்டுக்கு விலை பேச ஒருவர் வந்தார். எண் அழுத்தும் பெட்டியை எங்கே மாட்டலாம் என்று இப்போதே யோசித்துவிட்டாராம். நொயேலியா கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினாள். கை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். கரண்டி பிடிக்கிற கை பேனா பிடிக்காதா என்று அவளுக்குத் தெரியாதா? காகிதத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அன்று இரவு சாப்பாட்டில், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் ஒன்று இருக்கிறதாம், அழுத்தினால் ஆள் வருமாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். மாடு மாதிரி மணி கட்டிக்கொண்டு திரியவா என்று கேட்டேன். பிறகு, எங்கே கிடைக்கும் என்றும் கேட்டேன்.

ரொட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதைப் பொய் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. எலாடியோ கடையை மூடிவிட்டார். ரொட்டிக்குக் கீழே வாசல் வரை போக வேண்டும். இறங்குவது சுலபம், ஏறும்போது அடிக்கொரு தரம் நிற்க வேண்டும், இடுப்பும் இப்போது பழைய இடுப்பு இல்லை. நேரமாகும். யாராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. திங்கட்கிழமைகளில் குடை இல்லாமல் வந்து மணியை அடியுங்கள். எந்தத் திங்கட்கிழமை நான் அங்கே இருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஒவ்வொரு வாரமும் அடியுங்கள். கதவு திறக்க நேரமாகும். போய்விடாதீர்கள்.

காசில்டா